புனமும் மண்ணும்

ஸ்ரீவராகம் என்னும் ஊர்ப்பெயரே மண்ணை நினைவூட்டுவதாகும். நீரில் அமிழ்ந்த நிலமகளை ஏந்தி மீட்ட வராகப் பெருமாள் கோயில் கொண்ட இடமன்றோ இது! இந்நகரில் வாழும் நமக்குக் குடிநீர் தருவது அகத்திய மலைத்தொடரில் பிறக்கும் கரமனையாறு. ஆதலின், அம்மலைகளின் மண்ணுக்கு நேர்ந்ததை அறிவது நம் கடனாகும்.

காடு திருத்தி உழவு செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. புதிதாகத் திருத்திய கொல்லையை ‘இதை’ என்றும், பழங்கொல்லையை ‘முதை’ என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். அகத்திய மலையின் காணிக்காரரும் ஓரிடத்தை எரித்து, விதைத்து, சில விளைச்சலுக்குப் பின் அதனைக் காட்டிடமே விட்டு அகன்றனர். அவ்வாறு விட்டதனால் மண் மீண்டும் வளம் பெற்றது.

அதன் காரணம் எளிது. மழைக்காட்டின் வளத்தில் பெரும்பகுதி மரங்களிலும் மெல்லிய மேல்மண்ணிலுமே தங்கியுள்ளது. எரித்த சாம்பல் ஓரிரு விளைச்சலுக்கு உரமாகும். பின்னர், இலைக்கூரையும் சருகுப் போர்வையும் இழந்த சரிவில் மழை நேரே அறைந்து மேல்மண்ணைக் கரைத்துச் செல்லும். பல நூற்றாண்டுகளில் உருவான மண் சில மழைக்காலங்களில் அழியும். அடியிலுள்ள வெட்டுகல் தலைகாட்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் காட்டை மீளவிடாத முறையைக் கொணர்ந்தனர். நாஞ்சில் நாட்டை ஒட்டிய அசம்பு மலையில் காப்பி பயிரிடப்பட்டது. இலைநோய் அதனை வீழ்த்திற்று. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைகளில் பின்னர்த் தேயிலை பரவியது. தேயிலை நன்கு படர்ந்தபின் மண்ணை ஓரளவு காக்கும். ஆயினும், வெட்டி எரித்த முதல் ஆண்டுகளில் சரிவு வெறுமையாய்க் கிடக்கும். அங்கே கோடரி பிடித்தோர் பெரும்பாலும் நம் தமிழ்க் கூலி மக்களே. கட்டளை பிறருடையது, உழைப்பு நம்மவருடையது.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் பருமா அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர் பஞ்சத்தில் வாடியது. காட்டு நிலங்கள் உணவுப் பயிருக்குத் திறக்கப்பட்டன. மரச்சீனி பல உயிர்களைக் காத்தது. அதனை மறத்தல் நன்றியன்று. ஆயினும், கிழங்கைத் தோண்டுந்தோறும் சரிவின் மண் இளகி மழையோடு சென்றது என்பதும் உண்மையே. பசித்தவனைக் குறை கூறுவது அறமாகாது. பசி தீர்ந்த பின்னும் மண்ணுக்கு ஓய்வு அளிக்காமையே குறையாகும்.

2001 நவம்பர் 9ஆம் நாள், நம் மாவட்டத்து அம்பூரியில் ரப்பர் பயிரிட்ட மலைச்சரிவு பெருமழையில் சரிந்தது. ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். மழையே உடனடிக் காரணமெனினும், காட்டின் வேர்களும் இயற்கை நீர்வழிகளும் மாறிய சரிவு அதனைத் தாங்கும் ஆற்றல் குன்றும். நகருக்கு நீரளிக்கும் அருவிக்கரை நீர்த்தேக்கத்திலும் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்தது. மலையில் இழந்த மண் இவ்வாறு நம் குடிநீரைத் தொடுகின்றது.

சரிவில் வரப்புக் கட்டுதல், மண்ணை மூடிய பயிர் வளர்த்தல், ஆற்றங்கரைக் காட்டை விட்டுவைத்தல் ஆகியவை இன்றும் இயலும். முதைக்கு ஓய்வு தந்த முன்னோர் அறிவை நம் மக்கட்கு எடுத்துரைப்போமாக.