பூஞ்சை பிடித்தது சுவரில், பழி விழுந்தது குடும்பத்தின் மேல்

சுவரில் ஈரம் ஏறினால் குடியிருப்பவர்களின் பழக்கவழக்கத்தைக் கைகாட்டுவது, தொகுப்பு வீடுகளில் வளர்ந்த நமக்குப் பழகிப்போன பேச்சு. இங்கிலாந்தில் அதே பேச்சு ஒரு குழந்தையின் உயிர் போகும்வரை நீண்டது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கட்டட வரலாறு தேவைப்படுகிறது தோழர்களே.

நிலக்கரி எரித்த காலத்து இங்கிலாந்து வீடுகளில் புகைபோக்கி வழியே காற்று ஓயாமல் வெளியேறும். கதவு, ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று உள்ளே வரும். சூடு வீணானது, ஈரக்காற்றும் அதோடு போனது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் நிலக்கரிக் கணப்புகள் மெல்ல மறைந்தன. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் குளிர்நாடுகள் வெப்பத்தை வீட்டுக்குள்ளேயே பிடித்துவைக்க முனைந்தன. இடுக்குகள் அடைபட்டன. ஆனால் மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்துவது என ஒரு குடும்பம் தினமும் பல லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறது. போக வழியில்லாத ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. 1977-இல் கனடாவின் ரெஜைனா நகரில் ‘சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ்’ என்ற மாதிரி வீடு எழுந்தது. ஹெரால்ட் ஓர் முதலான பொறியாளர்கள் வெப்பம் கடத்தாத தடித்த சுவர்களை வைத்து, காற்று கசியாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார்கள். கூடவே ஒரு கருவியையும் பொருத்தினார்கள். வெளியேறும் பழைய காற்றின் சூட்டை, உள்ளே வரும் புதுக்காற்றுக்கு அது மாற்றிக் கொடுக்கும். இரண்டு காற்றும் கலப்பதில்லை. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்.

அதற்கும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வருகிறது ராச்டேல் நகரத்துச் சம்பவம். சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம், சமூகக் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாழ்ந்தது. 2017-இல் தந்தை பூஞ்சை பற்றிப் புகார் சொன்னார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2020-இல் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் எழுதிப் பார்த்தார். அந்த ஆண்டு டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், அவாப் என்ற அந்தக் குழந்தை இறந்தது. நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம், வீட்டில் போதிய காற்றோட்டம் இல்லை என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

வீட்டை நிர்வகித்தவர்களோ அதுவரை குடும்பத்தின் வாழ்க்கைமுறையை, குளிக்கும் வழக்கத்தை, காரணமாக நினைத்திருந்தார்கள். அந்த அனுமானம் தவறு என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். நம்மைக் குளிக்காதவர்கள் என்று சொல்லி ஒதுக்கினார்கள். அங்கே குளித்ததே குற்றமாயிற்று. எப்படிக் குளித்திருந்தால்தான் என்ன? குளியலறை ஈரத்தை வெளியேற்ற வழி செய்வது வீட்டுக்காரர் வேலை.

பெற்றோர் விடவில்லை. போராடினார்கள். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் ‘அவாப் சட்டம்’ என்று அறியப்படும் பிரிவு இடம்பெற்றது. 2025 அக்டோபர் 27 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரக் கேடுகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். முதல் கட்டத்தில் இது சமூகக் குடியிருப்புகளுக்கு மட்டுமே. தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.