சொந்த வேரில் நின்ற கொடிகள்

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், வோன்-ரொமனே என்ற சிறிய ஊரை ஒட்டி, கிழக்கு பார்த்த சரிவில் ஏறத்தாழ நாலரை ஏக்கரில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெயர் ரொமனே-கோன்தி. தாழ்ந்த கற்சுவர், ஓரத்தில் ஒரு கற்சிலுவை, உள்ளே வரிசை வரிசையாகப் பினோ நுவார் கொடிகள். ஆண்டுக்குச் சில ஆயிரம் புட்டி ஒயின்தான் இங்கிருந்து கிடைக்கிறது. அதன் விலையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. இந்தக் கொடிகளைச் சாகவிடாமல் காத்த கதையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இடைக்காலத்தில் இந்த நிலம் சேன்-விவான் மடத்துத் துறவிகளுடையது. பல கை மாறி, 1760-இல் கோன்தி இளவரசர் லூயி பிரான்சுவாவிடம் வந்தது. விளைந்த ஒயினைச் சந்தைக்கு அனுப்பாமல் தன் விருந்துகளுக்கே வைத்துக்கொண்டார் அவர். பிரெஞ்சுப் புரட்சி நிலத்தைப் பறிமுதல் செய்தது. 1794-இல் ஏலத்தில் விற்றார்கள். இளவரசர் வம்சத்திடமிருந்து மண் போனாலும் பெயர் மண்ணோடு தங்கிவிட்டது. 1869-இல் ஜாக்-மரி துவோ-ப்ளோஷே என்ற ஒயின் வணிகர் வாங்கினார். இன்றும் தோட்டத்தில் அவர் வழிவந்தவர்களுக்குப் பங்கு உண்டு.

அவர் வாங்கிய காலத்திலேயே பிரான்ஸைப் பெரும் கேடு சூழ்ந்திருந்தது. வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி, அசுவினிக்கு உறவு. கண்ணுக்கு எளிதில் படாத அளவுதான். மண்ணுக்குள் வேரை உறிஞ்சியே கொடியைக் கொன்றுவிடும். நாடு முழுக்கத் தோட்டங்கள் பட்டுப்போயின. கடைசியில் ஒரு வழி கிடைத்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. ஏறக்குறைய எல்லாரும் அதற்கு மாறினார்கள். ரொமனே-கோன்திக்காரர்கள் மாறவில்லை.

அங்கே கொடி நலிந்தால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவார்கள். வேர்விட்டு அது புதுக்கொடியாகும். இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய இனம் அது; அந்த மண்ணில் அதன் சொந்த வேரே ஓட வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். பூச்சியைக் கொல்லக் கார்பன் டைசல்பைடு என்ற நச்சுத் திரவத்தை மண்ணுக்குள் செலுத்தினார்கள். எளிதில் தீப்பற்றும் பொருள். செலவும் உழைப்பும் கடுமை. பல பத்தாண்டுகள் அதை விடாமல் செய்தார்கள். வெறும் லாபக் கணக்குப் பார்ப்பவர் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்.

இரண்டாம் உலகப் போர் அந்த உறுதியை உடைத்தது. மருந்து கிடைக்கவில்லை, ஆளும் இல்லை. கொடிகள் ஒடுங்கிக்கொண்டே வந்தன. 1945-இல் கிடைத்தது சுமார் 600 புட்டி. அந்த அறுவடையோடு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதே பண்ணையின் இன்னொரு தோட்டமான லா தாஷிலிருந்து போத்துகளை எடுத்து, ஒட்டுக்கட்டி, 1947-இல் மறுபடி நட்டார்கள். இளங்கொடியின் பழத்தில் அந்தப் பெயருக்கேற்ற ஒயின் வராது என்பதால் காத்திருந்தார்கள். 1946 முதல் 1951 வரை ரொமனே-கோன்தி என்ற பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. 1952-இல்தான் மறுபடி வந்தது.

2018-இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 1945-ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று 5,58,000 டாலருக்குப் போனது. சொந்த வேரில் நின்ற கொடிகளின் கடைசி விளைச்சல் என்பதும் அந்த விலைக்கு ஒரு காரணம். ஆனால் பெயரை வைத்து எதையும் விற்றுவிடக்கூடிய நிலையில், ஆறு அறுவடைகளுக்குப் பெயரையே விற்காமல் இருந்தார்களே, அதையே இந்தத் தோட்டத்தின் மிகப் பெரிய சாதனை என்பேன்.

2015-இல் பர்கண்டியின் இந்தத் தோட்டங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க வருகிறவர்கள் சாலையிலேயே நிற்கும்படி சுவரில் ஒரு வேண்டுகோள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போக வாய்த்தால் சிலுவைக்கு அருகில் நின்று ஆசைதீரப் பாருங்கள். உள்ளே மட்டும் கால் வைக்காதீர்கள்.