நிகழ்வுத் தூண்டல் கட்டுப்பாடும் வலையமைப்பு ஒத்திசைவும்

1665 பிப்ரவரியில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் நோயுற்றுப் படுத்திருந்தார். ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் எதிரெதிர்த் திசைகளில் சற்றும் பிசகாமல் ஆடுவதை அப்போது கவனித்தார். ஊசல்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்திற்குள் அவை மீண்டும் இணைந்தன. காற்றின் அசைவே காரணம் என்று முதலில் எண்ணினார். பிறகு, தாங்கிய மரச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத அசைவே காரணம் எனக் கண்டறிந்தார். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உருவான கடிகாரங்கள் அவை. ஒன்றையொன்று பாதிக்கும் கடிகாரங்கள் அந்த வேலைக்கு உதவுமா என்ற ஐயமும் இதனால் எழுந்தது.

அந்த மரச்சட்டம் ஒவ்வொரு கணமும் செய்தி கடத்தியது; அதற்குச் செலவு எதுவும் இல்லை. பின்வந்த கோட்பாடுகளும் பெரும்பாலும் இப்படித் தொடர்ச்சியான இணைப்பையே கருதிக்கொண்டன. 1975இல் ஜப்பானின் யோஷிகி குராமோட்டோ தந்த அலைவிகளின் மாதிரியும், 1990இல் பெக்கோராவும் கரோலும் ஒழுங்கற்ற இயக்கம் கொண்ட இரு அமைப்புகளை ஒத்திசைத்துக் காட்டியதும் இவ்வகையே. ஆனால் மின்கலத்தில் இயங்கும் உணரிகளும் ரோபோக்களும் வானொலி அலைவழியே பேசும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஆற்றல் செலவாகிறது, அலைவரிசையும் நெரிசலாகிறது.

வழக்கமான தீர்வு, குறித்த கால இடைவெளியில் அளந்து அனுப்புவது. எதுவும் மாறாதபோதும் அனுப்பிக்கொண்டே இருப்பது வீண். தேவைக்கேற்ப அளக்கும் எண்ணம் 1960களிலேயே இருந்தது. எனினும் 1999இல் பெய்ஜிங் மாநாட்டில் ஸ்வீடனின் ஆஸ்ட்ரோமும் பெர்ன்ஹார்ட்சனும் அளித்த கட்டுரை அதற்குத் தெளிவான கணக்கைத் தந்தது. இரைச்சலால் அலைக்கழியும் எளிய தொகையி அமைப்பில், சராசரி அளவீட்டு எண்ணிக்கை சமமாக இருக்கும்போது, கால முறையில் வரும் பிழையின் மாறுபாடு நிகழ்வு முறையில் வருவதைப் போல் மூன்று மடங்கு என்று அவர்கள் காட்டினர்.

நிகழ்வு முறையில் ஒவ்வொரு முகவரும் தான் கடைசியாக அறிவித்த மதிப்பை நினைவில் வைத்திருக்கும். இப்போதைய மதிப்பு அதிலிருந்து ஒரு வரம்புக்கு மேல் விலகினால் மட்டுமே மறுபடி அறிவிக்கும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அறிவிப்புகளின் இடைவெளி குறைந்துகொண்டே போய், வரையறுத்த நேரத்திற்குள் எண்ணற்ற அறிவிப்புகள் நிகழ நேரலாம். முரண்புதிர்களுக்குப் பெயர்பெற்ற கிரேக்கத் தத்துவஞானியின் நினைவாக இதற்கு சீனோ நடத்தை என்று பெயர். செய்தியைக் குறைக்க வந்த முறை அங்கே தன் நோக்கத்தையே தோற்கடித்துவிடும். 2007இல் பாவ்லோ தபுவாடா, தனி அமைப்பு ஒன்றுக்கு, உரிய நிபந்தனைகளின்கீழ், இரு நிகழ்வுகளுக்கிடையே ஒரு குறைந்தபட்ச இடைவெளி எப்போதும் இருக்கும் என நிறுவினார். இத்துறையின் உண்மையான அடித்தளம் அந்த நிறுவலே எனலாம்.

வலையமைப்பில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2012இல் திமாரோகோனாஸ், ஃபிராசோலி, யோஹான்சன் ஆகியோர் பல முகவர்களுக்கான விதியை வெளியிட்டனர். அதன் அடிப்படை வடிவத்தில் அண்டை முகவர்களின் நிலையை இடைவிடாது அறிந்திருக்க வேண்டியிருந்தது. எப்போது பேசுவது என்று முடிவெடுக்கவே ஓயாமல் கேட்க வேண்டுமென்றால் சேமிப்பு எங்கே? அடுத்த நிகழ்வின் நேரத்தை முன்கூட்டியே கணிக்கும் வழியை அவர்களே அதற்கு மாற்றாக முன்வைத்தனர். 2013இல் சைபோத் குழுவினர், முகவர் தன் சொந்த நிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் விதியைத் தந்தனர். மாறாத வரம்பு வைத்தால் முகவர்கள் ஏறத்தாழ மட்டுமே ஒன்றுபடும். வரம்பு காலப்போக்கில் சுருங்கினால் முழுமையாக ஒன்றுபடும். ஆனால் வலையமைப்பு ஒன்றுபடும் வேகத்தைவிட மெதுவாகவே அது சுருங்க வேண்டும். மீறினால் சீனோவைத் தவிர்க்கும் உறுதி போய்விடும்.

அதே ஆண்டு ஹீமல்ஸ், டோங்கர்ஸ், டீல் மூவரும் வேறொரு சமரசத்தை விரிவாக ஆராய்ந்தனர். நிலையைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மட்டும் அனுப்ப வேண்டும். சோதனைகளுக்கிடையே நிச்சயமான இடைவெளி இருப்பதால் இங்கே சீனோவுக்கு இடமே இல்லை. கைவிட எண்ணிய கடிகாரம், அனுப்புவதற்காக அல்லாமல் சோதிப்பதற்காக, இப்படித் திரும்பி வந்தது.