பூ வந்துச்சு, நார் வர 7 வருஷம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. தலைப்பைப் பார்த்து தோட்டக்கலைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்க :-) இது எக்ஸ்எம்எல் கேள்வி மொழிகளோட கதை. பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும் இல்லீங்க. ரெண்டு நோட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு பேரு ஒத்துப்பார்த்த எல்லாருக்குமே புரியும்.

முதல்ல என் சொந்தச் சோகம். சில வருஷம் முன்னாடி பழைய பள்ளித் தோழர்கள் எல்லாம் ஒண்ணு கூடினோம். நன்றிப் பக்கம் தயார் பண்ற வேலை என் தலையில. கையில ரெண்டு பட்டியல்: வந்தவங்க ஒண்ணு, பணம் குடுத்தவங்க ஒண்ணு. நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! ரெண்டையும் எக்ஸ்எம்எல் கோப்பா மாத்தி, எக்ஸ்க்வெரியில நாலு வரி எழுதி, பேரை வச்சு இணைச்சேன். அழகா வந்துச்சு. அச்சுக்கும் போயிடுச்சு.

ஒருத்தன் பேரு மட்டும் இல்ல. ரெண்டு நாள் முன்னாடியே வந்து நாற்காலி தூக்கினவன், கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினவன். பணம் குடுக்குற நிலைமையில அவன் அப்ப இல்ல. சண்டை போடல. "டேய், நான் வந்தேன்ல?"ன்னு மட்டும் கேட்டான். இன்னும் காதுல கேக்குது.

நிற்க. வரலாற்றுக்கு வருவோம்.

1970ல ஐபிஎம்மோட சான் ஹோசே ஆய்வுக்கூடத்துல இருந்த எட்கர் காட், தகவலை எல்லாம் அட்டவணைகளா வச்சுக்கலாம்னு ஒரு கட்டுரை எழுதினார். 1974ல அதே ஐபிஎம்ல டான் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த அட்டவணைகளைக் கேள்வி கேக்க ஒரு மொழி கொண்டு வந்தாங்க. அதுதான் பின்னாடி எஸ்கியூஎல் ஆச்சு. (பாய்ஸ் அதே வருஷம் சின்ன வயசுலயே இறந்துட்டார், பாவம்.) ரெண்டு அட்டவணையை இணைக்கிறதும், குரூப் பைன்னு சொல்லிக் கூட்டம் பிரிக்கிறதும் எஸ்கியூஎல்லுக்கு ரெண்டு கை மாதிரி.

1998 பிப்ரவரியில எக்ஸ்எம்எல் 1.0 வந்துச்சு. இது அட்டவணை இல்ல, மரம். புத்தகத்துக்குள்ள ஆசிரியர், ஆசிரியருக்குள்ள பேரு, இப்படிக் கிளை கிளையாப் போகும். புத்தகம் வாரியா இருக்கிறதை ஆசிரியர் வாரியாக் கேட்டா, மரத்தையே தலைகீழா நடணும். சிக்கல் அங்கதான்.

1999 நவம்பர்ல எக்ஸ்பாத் 1.0, எக்ஸ்எஸ்எல்டி 1.0 ரெண்டும் வந்துச்சு. எக்ஸ்பாத் மரத்துல ஏறி வேணுங்கிற கிளையைக் காட்டும், புது மரம் கட்டாது. எக்ஸ்எஸ்எல்டி கட்டும், ஆனா கூட்டம் பிரிக்க அதுல தனிக் கட்டளை கிடையாது. ஆரக்கிள்ல இருந்த ஸ்டீவ் மென்ச் ஒரு குறுக்குவழி சொன்னார்: ஒவ்வொரு உருப்படிக்கும் சாவி போட்டு வை, அந்தச் சாவியில முதல்ல நிக்குறவனைக் கூட்டத்தலைவனா எடு, மத்தவனை அவன் பின்னாடி நிறுத்து. மென்ச் முறைன்னே பேரு நிலைச்சுடுச்சு. முதல் தடவை படிக்கும்போது தலை சுத்தும். அஞ்சாவது தடவையும் சுத்தும் :-)

2000ல டான் சேம்பர்லின் மறுபடி வர்றார். அதே எஸ்கியூஎல் மனுஷன்தான்! ஜோனதன் ராபி, டேனியலா ஃப்ளோரெஸ்கு கூடச் சேர்ந்து ஒரு மொழி பண்ணினார். பேரு க்வில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை. பல மொழிகள்ல இருந்து நல்ல துண்டுகளை எடுத்துத் தைச்சது. பல இடத்துத் தகவலையும் சேர்த்துத் தைக்கிறது. நம்ம பாட்டிங்க பழைய சேலைகளை அடுக்கித் தைச்ச போர்வையை நினைச்சுக்குங்க.

இந்தப் போர்வையில இருந்துதான் எக்ஸ்க்வெரி. டபிள்யூ3சி முதல் வரைவை 2001 பிப்ரவரியில வெளியிட்டுச்சு. அதோட உயிர்நாடி அஞ்சு சொல்லு: ஃபார், லெட், வேர், ஆர்டர் பை, ரிட்டர்ன். முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்துல படிச்சா ஃப்ளவர். பூ!

இணைக்கிறது சுலபம். ரெண்டு கோப்புக்கு ரெண்டு ஃபார், நடுவுல வேர் போட்டு "இவன் தலைப்பும் அவன் தலைப்பும் ஒண்ணா?"ன்னு கேட்டாப் போதும். டபிள்யூ3சி வெளியிட்ட மாதிரிக் கேள்விகள்லயே இது இருக்கு: ரெண்டு கடையிலயும் இருக்கிற புத்தகத்துக்கு ரெண்டு விலையையும் காட்டு. 'டேட்டா ஆன் தி வெப்' ஒரு கடையில 39.95, இன்னொண்ணுல 34.95. 'டிசிபி ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' ரெண்டுலயும் 65.95.

சரி, கூட்டம் பிரிக்கிறது? 2007 ஜனவரி 23 அன்னிக்கு எக்ஸ்க்வெரி 1.0 முறையா வெளிவந்தப்ப, அதுல குரூப் பை இல்லவே இல்ல. எஸ்கியூஎல் பண்ணின ஆளு உள்ள இருந்தும்!

பண்ண முடியாதுன்னு இல்ல. முதல்ல ஆசிரியர் பேரையெல்லாம் ஒரு தடவை மட்டும் வர்ற மாதிரி பொறுக்கிக்கணும். அப்புறம் ஒவ்வொரு பேருக்கும் மொத்தப் புத்தகத்தையும் திரும்பப் புரட்டணும். 1,000 புத்தகம், 300 ஆசிரியர்னா 3,00,000 தடவை ஒத்துப்பார்க்கணும், மென்பொருளுக்கே புத்தி இருந்து குறுக்குவழி கண்டுபிடிச்சா ஒழிய. "எப்படியோ முடியுதுல்ல"ங்கிறதே அது தள்ளிப் போகக் காரணமா இருந்திருக்கும்ங்கிறது என் எண்ணம்.

அதுல இன்னொரு ஓட்டையும் உண்டு. பதிப்பாளர் வாரியாப் பிரிக்கிறீங்கன்னு வைங்க. பதிப்பாளர் பேரே போடாத புத்தகம் எந்தக் கூட்டத்துலயும் சேராது. பிழைச் செய்தியும் வராது. சத்தமில்லாமக் காணாமப் போயிடும்.

2005லயே, 1.0 வெளிவர்றதுக்கு முன்னாடியே, கெவின் பெயர், சேம்பர்லின் உள்ளிட்ட ஆறு பேரு சிக்மாட் மாநாட்டுல எக்ஸ்க்வெரிக்குக் குரூப் பை வேணும்னு கட்டுரை எழுதினாங்க. அது தரநிலையில ஏறினது 2014 ஏப்ரல் 8ல, எக்ஸ்க்வெரி 3.0ல. பூ வந்து நார் வர 7 வருஷம்.

வந்த குரூப் பை எஸ்கியூஎல்ல இருக்கிற மாதிரி அப்படியே இல்ல. எஸ்கியூஎல்ல கூட்டம் பிரிச்சா, பொதுவா எத்தனை பேரு, மொத்தம் எவ்வளவுன்னு கணக்குதான் கையில நிக்கும். இங்க கூட்டத்துல இருக்கிற ஒவ்வொருத்தரும் அப்படியே பத்திரமா இருப்பாங்க. தகவல் இல்லாதவங்களுக்கும் தனியா ஒரு கூட்டம் உண்டு. அதே 3.0ல இன்னொண்ணும் வந்துச்சு. ஃபார் கூட 'அலவிங் எம்ப்டி'ன்னு சேர்த்தா, ஜோடி கிடைக்காதவனும் வெறுங்கையோட வரிசையில நிக்கலாம்.

இதுல வேடிக்கை, 2014க்குள்ள இணையத்துல பாதிப் பேரு ஜேசானுக்குத் தாவிட்டாங்க. 2017ல எக்ஸ்க்வெரி 3.1 வந்தப்ப ஜேசானுக்கும் கதவைத் திறந்து விட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு வந்த நாதஸ்வரம் மாதிரின்னு கிண்டல் பண்ணலாம். ஆனா ஒரு நியாயம் சரியாகி வந்ததுல எனக்குச் சந்தோஷம்தான்.

என் தப்புக்கு 3.0 கூடத் தேவைப்பட்டிருக்காது. வந்தவங்க பட்டியலை வெளியில சுத்த விட்டு, நன்கொடையை ரிட்டர்னுக்குள்ள தேடியிருந்தா 1.0லயே அவன் பேரு வந்திருக்கும். நான் "யாரெல்லாம் ரெண்டுலயும் இருக்காங்க"ன்னு கேட்டேன். மெஷின் கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லுச்சு. கேள்விதான் தப்பு.

அடுத்த வருஷக் கூட்டத்துல நன்றிப் பக்கத்தை நானே திரும்பப் பண்ணினேன். இணைச்சு முடிச்சதும், விட்டுப்போனவங்களைத் தனியா ஒரு தாள்ல எடுத்து ஒவ்வொரு பேராப் படிச்சேன். இப்பவும் எந்த ரெண்டு கோப்பை இணைச்சாலும் முதல்ல அந்தத் தாள்தான். அவன் பேரு முதல் வரியில வந்துச்சு. அகர வரிசைப்படிதான் வந்துச்சு, சிபாரிசு எதுவும் இல்ல :-)