பிரமபுத்திராக் கரையில் தேயிலை

திபெத்திலே தோன்றிக் கிழக்கே நெடுந்தூரம் ஓடி, இமயத்தைச் சுற்றிக்கொண்டு அசாமிலே புகும் பிரமபுத்திரா, அங்கே அகன்றதொரு பள்ளத்தாக்கை வளப்படுத்துகின்றது. தேயிலைத் தோட்டங்களையும் காட்டு விலங்குகளையும் விழாக்களையும் காண விழைந்து பலர் அங்குச் செல்வர். இம்மூன்றையும் பிணைத்து நிற்பது ஒரே வரலாறு. வெளியிலிருந்து வந்தோர் எவ்வாறு அம்மண்ணுக்கு உரியோராயினர் என்பதே அவ்வரலாறு.

1228ஆம் ஆண்டிலே சுகாபா என்னும் தலைவன் கிழக்கு மலைகளைக் கடந்து வந்து அகோம் அரசுக்கு அடிகோலினான். அவன் வழிவந்தோர் ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆண்டனர்; காலப்போக்கில் அசாமிய மொழியையே தம் மொழியாகவும் கொண்டனர். சிவசாகரில் இன்றும் நிற்கும் ரங்கர் மாளிகையின் மேன்மாடத்திலிருந்து அவ்வரசர் பிகு விழாவைக் கண்டு களித்தனர். பிகு உழவரின் விழா. சித்திரைப் பிறப்பில் வரும் ரங்காலி பிகுவும், அறுவடை முடிந்து தைப்பொங்கலை ஒட்டி வரும் போகாலி பிகுவும் தமிழருக்கு அந்நியமாகத் தோன்றா.

1823இல் றொபேட் புரூஸ் என்பவர், சிங்போ மக்கள் தம் மலைகளில் தேயிலையை அருந்திவருவதை அறிந்தார். அவருக்கு வழிகாட்டியவர் மணிராம் தேவான் என்பர். 1826ஆம் ஆண்டின் யாண்டபோ உடன்படிக்கையால் அசாம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1839இல் அசாம் கம்பனி தோன்றிற்று. அதிலே பணியாற்றிய மணிராம், பின்னர் விலகித் தாமே தோட்டங்களை அமைத்தார். அகோம் அரசை மீட்கச் சதிசெய்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1858இல் ஜோர்ஹாட்டிலே தூக்கிலிடப்பட்டார்.

தோட்டங்கள் பெருகவே, சோட்டா நாகபுரி முதலிய இடங்களிலிருந்து வறிய மக்கள் கொண்டுவரப்பட்டனர். நோயால் மாண்டோர் பலர். ஒப்பந்தத்தை விட்டோடியோரைப் பிடியாணையின்றியே கைதுசெய்யும் அதிகாரத்தை 1865ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் துரைமாருக்கு அளித்தது.

அக்காலத்தே காடும் சுருங்கிற்று. வேட்டையால் அருகிப்போன ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தைக் காக்கும் பொருட்டு, 1908இல் காசிரங்கா ஒதுக்குக் காடாக்கப்பட்டது. துரைமாரின் கைது அதிகாரம் நீக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். விலங்குக்கும் மனிதனுக்கும் ஒரே காலத்திலே சிறிது காவல் கிட்டிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே காசிரங்காவில் 2,613 காண்டாமிருகங்கள் காணப்பட்டன.

தோட்டத்து மக்களோ தம் கலையால் நிலைபெற்றனர். அவர்கள் தம்முடன் கொணர்ந்த ஜுமுர் நடனம், பெண்கள் கைகோத்து வரிசையாய் நின்று மத்தளத்துக்கு அடியெடுத்து ஆடுவது. 2025 பெப்ரவரியில் குவாகாத்தியிலே 8,000க்கு மேற்பட்டோர் ஒருங்கே அதனை ஆடினர். கூலிகளென இகழப்பட்டோரின் ஆடலை அசாம் தன் ஆடலாக ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இவ்வரலாறு இலங்கை மலைநாட்டாருக்கு எளிதில் விளங்கும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்டதும் அசாம் இனத் தேயிலையே. இங்கும் அதனை வளர்த்தவை கடல் கடந்து வந்தோரின் கைகளே. பிரமபுத்திராக் கரையின் பசுமையைக் காணச் செல்வோர், ஆற்றையும் விலங்கையும் கண்டதோடு அமையாது, அங்குள்ள தோட்டத்து மக்களோடும் சிறிது உரையாடி வருதல் தகும்.