இருக்கைக்குப் பின்னால் ஓர் இரவு

1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உயர்சக்கர மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸின் மூட்டை மிகச் சிறியது: காலுறைகள், மாற்றுச் சட்டை, கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழையங்கி. மிதிவண்டியில் சென்று வெளியில் இரவு தங்குவதன் வரலாறு, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வியின் வரலாறே எனலாம்.

அக்கேள்வியை ஒரு கலையாகவே வளர்த்தவர் லண்டன் தையற்காரர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். 1897இல் கூடாரத்துடன் அயர்லாந்தில் மிதிவண்டிப் பயணம் செய்து, மறு ஆண்டு அதை நூலாக்கினார். 1901இல் மிதிவண்டி முகாமாளர் சங்கம் தோன்றியது. அவர் தையற்காரராக இருந்தது கருதத்தக்கது. குறைக்கவேண்டிய எடையில் பெரும்பகுதி துணியில்தானே இருந்தது!

1932இல் லங்காஷயரின் நெசவு நகரான நெல்சனில் வில்ஃப் காரடைஸ் பருத்திக் கித்தானில் இருக்கைப் பைகள் தைக்கத் தொடங்கினார். நனைந்தால் பருத்தி இழைகள் உப்பி, நெசவின் துளைகளை அடைத்து நீரைத் தடுக்கும். இருக்கையின் பின்வளையங்களில் தோல்வாரால் கட்டப்படும் அப்பைகளுள் பெரியதொன்று 24 லிட்டர் கொள்ளும். நீளும் மூடியின்கீழ்க் கூடாரத்தையும் செருகலாம்.

இன்று பை தேர்பவர் முதலில் அளக்கவேண்டியது கொள்ளளவை அன்று; இருக்கைக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள உயரத்தை. அது குறைந்தால் பை சக்கரத்தில் உரசும். அதன்பின், ஓரிரவுக்கு வேண்டியவற்றைத் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டே பையின் அளவை முடிவுசெய்தல் நன்று. பெரிய பை, வேண்டாதவற்றையும் உடன் அழைத்து வந்துவிடும்.