வெண்குருதிக் கலம் விரிக்கும் வலை

அடைமழை பெய்தால் பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணைக் கடைத்தெருவில் வெள்ளம் புகுவதும், வெள்ளம் வடிந்த பின்னர் எலிக்காய்ச்சல் பற்றிய எச்சரிக்கைகள் விடுக்கப்படுவதும் கண்டி மாவட்ட மக்களுக்குப் பழகிப்போனவை. 2008ஆம் ஆண்டில் இந்நோய்ச் சந்தேகத்தின் பேரில் நாடெங்கும் 7 ஆயிரத்திற்கும் அதிகமானோர் பதிவாகினர். 200 பேர் வரையில் உயிரிழந்தனர். ஒரே வயலில் இறங்கிய இருவரில் ஒருவர் சாதாரண காய்ச்சலுடன் தப்பிவிட, மற்றவரின் சிறுநீரகம் செயலிழப்பது ஏன்? இதற்கான விடையை ஆய்வாளர்கள் தேடும் இடங்களுள் ஒன்று, நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலமாகும்.

கிருமியை விழுங்கி அழிப்பதே இக்கலத்தின் பணி என நீண்டகாலம் கருதப்பட்டது. 2004ஆம் ஆண்டு பேர்லினிலுள்ள மக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அது தனது டீ.என்.ஏ. இழைகளையே வெளியே வீசி, வலைபோல் விரித்துக் கிருமிகளைச் சிக்கவைப்பதைக் கண்டறிந்தனர். எலிக்காய்ச்சல் பற்றீரியாவும் இவ்வலையை வெளிவரச் செய்கின்றது என 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆயினும் வலை மிகுந்தால் நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடும், இழையங்களும் சேதமுறும். எனவேதான் அதனை அளக்க வேண்டியுள்ளது.

அளவிடும் வழிகள் பல. டீ.என்.ஏ.யில் ஒட்டி ஒளிரும் சாயத்தை இட்டு நுணுக்குக்காட்டியில் நோக்குவது எளியது. ஆனால் வேறு காரணத்தால் இறந்த கலத்தின் டீ.என்.ஏ.யும் அவ்வாறே ஒளிரும். ஆகையால் வலையில் பதிந்திருக்கும் எலஸ்டேஸ், மைலோபெரொக்சிடேஸ் ஆகிய நொதியங்களையும், மாற்றமடைந்த ஹிஸ்டோன் புரதத்தையும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சேர்த்தே இனங்காண்பர். மூன்றும் ஒரே இழையில் பொருந்தினாலன்றி வலையென உறுதிகூற இயலாது. ஒருவர் மாற்றி ஒருவர் எண்ணும்போது தொகை வேறுபடுவதும் உண்டு.

நோயாளர் பலரை ஒரே வேளையில் ஆராய எலைசா முறை உதவுகின்றது. டீ.என்.ஏ.யும் மைலோபெரொக்சிடேஸும் பிணைந்த கூட்டுப்பொருளை அது அளக்கின்றது. எனினும் அதன் நம்பகத்தன்மையைச் சில அண்மைக்கால ஆய்வுகள் கேள்விக்குட்படுத்தியுள்ளன. ஓர் இலக்கத்தை மாத்திரம் அச்சிட்டுத் தரும் பரிசோதனை எதுவாயினும், அவ்விலக்கம் எதைக் குறிக்கின்றது என வினவுவது நன்று. கலைப் பட்டதாரியான எமக்கும் இது விளங்குகின்றது.

உண்மையான இடர்ப்பாடு இயந்திரத்திற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. குருதி உறையும்போதே வெண்கலங்களிலிருந்து டீ.என்.ஏ. கசிவதனால், உறைந்த குருதியின் நீர்ப்பாயத்தில் அளவு பொய்யாக உயரும். உறைதலைத் தடுக்க ஹெப்பாரினை இட்டாலோ, அது வலையையே குலைத்துவிடும். நியூட்ரோபிலும் உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. ஹசலக்கவில் பெறப்படும் குருதி, பதினெட்டு வளைவு எனப்படும் பாதையில் குலுங்கி ஏறிக் கண்டியையோ பேராதனையையோ அடைவதற்குள், நோயினால் தோன்றாத வலைகளும் குழாயினுள்ளே தோன்றியிருக்கக்கூடும். இத்தகைய ஆய்வுக்கு விலையுயர்ந்த நுணுக்குக்காட்டியை விட முதலில் வேண்டுவது, கிராமிய வைத்தியசாலையிலேயே குருதியைச் சுழற்றித் திரவவிழையத்தைப் பிரித்தெடுக்கும் சிறு இயந்திரமும், அதனை உறைநிலையில் அனுப்பிவைக்கும் பெட்டியுமாகும்.